மூழ்கும் பெண்ணை நீங்களும் வரையலாம்

பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைனின் படைப்புகளைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, “காமிக்ஸ் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார், இதில் என்ன இருக்கிறது?” என்பதுதான். அந்தக் கேள்வியோடு அருங்காட்சியகத்தில் நிற்பதைவிட, பிரஷ்ஷை எடுத்து அவருடைய படம் ஒன்றை நம் பாணியில் வரைந்து பார்ப்பது மேல். பாப் ஆர்ட்டை ரசிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தொடங்குவதற்கு ‘மூழ்கும் பெண்’ பொருத்தமானது. 1963-ல் வரைந்தது, நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம், அகலம் இரண்டுமே ஏறக்குறைய 170 செ.மீ. நீலக் கூந்தலும் கண்ணீருமாக ஒரு பெண் அலைக்குள் போய்க்கொண்டிருக்கிறாள். அவள் மனதில் ஓடுவது குமிழுக்குள் எழுதியிருக்கிறது: மூழ்கினாலும் மூழ்குவாளாம், பிராட் என்பவனை உதவிக்குக் கூப்பிட மாட்டாளாம்.

வரைவதற்கு முன்னால் இதன் மூலத்தைத் தேடிப் பாருங்கள். டி.சி. நிறுவனம் 1962-ல் வெளியிட்ட ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ 83-ஆம் இதழில், டோனி அப்ரூஸோ படம் வரைந்த காதல் கதையின் முகப்புப் பக்கம் அது. அங்கே பெண்ணுக்குப் பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி காதலன் இருக்கிறான். அவள் தனக்குத் தசை பிடித்துக்கொண்டதையும் சொல்கிறாள். லிக்டென்ஸ்டைன் படகை வெட்டினார், காதலனை வெட்டினார், தசைப்பிடிப்பையும் வெட்டினார். மால் என்றிருந்த காதலன் பெயர் பிராட் ஆனது. இப்போது அவள் மூழ்குவதற்கு ரோஷத்தைத் தவிர வேறு காரணமே இல்லை. காப்பாற்ற ஆள் பக்கத்தில் இருக்கிறானா என்பதும் நமக்குத் தெரியாது. விபத்துக் காட்சியாக இருந்தது ஒரு மனநிலையின் படமாகிவிட்டது. ‘பெரிதாக்கினார்’ என்ற சொல்லுக்குள் இதெல்லாம் அடங்குமா?

எனவே உங்கள் படத்துக்கும் முதல் வேலை வெட்டுவதுதான். அவர் ஓவியத்தையே எடுத்தாலும் சரி, உங்களுக்குப் பிடித்த காமிக்ஸ் கட்டம் ஒன்றை எடுத்தாலும் சரி, சார்ட் அட்டையில் சதுரமாக ஒரு துளை வெட்டி, அதைப் படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே இருங்கள். எந்த இடத்தில் கதை மறைந்து ஒரு முகமோ ஒரு கையோ மட்டும் மிஞ்சுகிறதோ, அங்கே நிறுத்துங்கள். குமிழுக்குள் என்ன எழுதுவது என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். ஒரு வாக்கியம் போதும்.

லிக்டென்ஸ்டைன் முதலில் சிறிதாக வரைந்துகொள்வார். அந்தக் கோட்டுப்படத்தை ப்ரொஜெக்டரால் கேன்வாஸில் விழச்செய்து, பென்சிலால் எடுத்துக்கொண்டு, பிறகும் திருத்துவார். ப்ரொஜெக்டர் இல்லாதவர்கள் கட்டம் போட்டுப் பெரிதாக்கலாம். இரண்டடிக்கு இரண்டடி கேன்வாஸ் போதும். ஆனால் அவருடைய இன்னொரு பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்: கேன்வாஸைச் சுழற்றக்கூடிய ஓவியத் தாங்கி வைத்திருந்தார், படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் வேலை செய்வார். ‘மூழ்கும் பெண்’ணை அப்படித் திருப்பிப் பாருங்கள். கூந்தல் எங்கே முடிகிறது, அலை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. இரண்டுக்கும் ஒரே வளைவு, ஒரே சுழிப்பு. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலையோடு இதற்குள்ள உறவை அவரே சொல்லியிருக்கிறார். நேராக வைத்துப் பார்க்கும்போது பெண்ணின் துயரம் நம்மை இழுத்துக்கொள்வதால் இந்த வளைவுகள் கண்ணில் படுவதில்லை.

அடுத்தது புள்ளிகள். குறைந்த வண்ணத்தில் நிறைய சாயல் காட்ட மலிவு அச்சகங்கள் பயன்படுத்திய உத்தி இது; பெஞ்சமின் டே என்பவர் 1879-ல் கொண்டுவந்ததால் பென்-டே புள்ளிகள் என்று பெயர். அச்சில் கண்ணுக்கே தெரியாமல் இருக்கவேண்டியதை லிக்டென்ஸ்டைன் படத்தின் முக்கிய ஆளாக்கினார். 1961-ல் ‘லுக் மிக்கி’ ஓவியத்துக்கு நாய்க்கு முடி வாரும் பிளாஸ்டிக் பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்து ஒற்றினார். பிறகு துளையிட்ட தகட்டை வைத்து அதன் வழியே வண்ணத்தைத் தேய்த்தார்.

நீங்கள் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டில் வரிசையாகத் துளை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரிசையின் துளை, மேல் வரிசையின் இரண்டு துளைகளுக்கு நடுவே வரவேண்டும். அக்ரிலிக் வண்ணத்தில் தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, இழுக்காமல் நேராக ஒற்றுங்கள். தண்ணீராக இருந்தால் ஷீட்டுக்கு அடியில் பரவிவிடும். ஒற்றிய இடம் காய்ந்த பிறகே ஷீட்டை நகர்த்தி அடுத்த வரிசையைப் பொருத்துங்கள். கன்னம் முழுக்கப் புள்ளி வைத்து முடிக்கும்போது ஒன்று புரியும். இயந்திரம் செய்தது போலத் தெரிகிற பரப்பு எவ்வளவு பொறுமையான கைவேலை! அதற்குப் பிறகு அவருடைய ஆரம்பகால ஓவியம் எதைப் பார்த்தாலும் புள்ளி சற்றுப் பிசகிய இடமும், தகடு நகர்ந்த தடமும் கண்ணில் படும். எனக்கு அந்தப் பிசகுகள்தான் மிகவும் பிடிக்கும்.

தட்டையான வண்ணங்களை நிரப்புவது எளிது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். கருப்புக் கோட்டைக் கடைசியில் போடுங்கள். மெலிந்து தொடங்கி, வளைவில் தடித்து, மறுபடி மெலியும் கோடு அது; பல தடவை திருத்தவேண்டி வரும். டர்பன்டைனில் கரையும் மாக்னா என்ற வண்ணத்தை அவர் விரும்பியதற்குக் காரணமே, பிழையைச் சுவடில்லாமல் துடைத்துவிடலாம் என்பதுதான்.

இன்னொருவர் படத்தை வரைவது சரியா என்ற தயக்கம் சிலருக்கு வரும். டெலாக்ரவா 1834-ல் வரைந்த ‘அல்ஜியர்ஸ் பெண்க’ளைப் பிக்காசோ 1954-55-ல் பதினைந்து விதமாக வரைந்தார். பிக்காசோவின் அந்தப் படங்களில் ஒன்றை லிக்டென்ஸ்டைன் 1963-ல் தன் பாணியில் வரைந்தார். ஓவியர்கள் ஒருவரையொருவர் படித்த முறையே இது. ஆனால் ஒரு விஷயத்தில் லிக்டென்ஸ்டைன் செய்தது எனக்கு ஏற்புடையதல்ல. டெலாக்ரவா பெயரும் பிக்காசோ பெயரும் எல்லோருக்கும் தெரியும். காமிக்ஸ் பக்கத்தை வரைந்த அப்ரூஸோவை ‘மூழ்கும் பெண்’ணைப் பார்க்க வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அறிவார்கள்? உங்கள் கேன்வாஸ் காய்ந்ததும் பின்பக்கத்தில் தேதியோடு மூன்று பெயர்களையும் எழுதிவையுங்கள்: அப்ரூஸோ, லிக்டென்ஸ்டைன், அதன் கீழே உங்களுடையது.