கைபேசியில் விற்ற கண்டாங்கி

செட்டிநாட்டுக் கைத்தொழில்களைக் கரோனாவிலிருந்து கரையேற்றியது வாட்ஸ்அப்தான் என்ற பேச்சு இங்கே நிலைத்துவிட்டது. பாதி உண்மை. விற்பனை மீண்டது, நெய்தவர் எவ்வளவு மீண்டார் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, பருத்திச் சேலை விற்கும் கோடைக்காலம் கண்ணெதிரே போயிற்று. பெரிய வீடுகளைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களும் நின்றார்கள். கையிலிருந்தது கைபேசி. 2016-இன் பணமதிப்பிழப்புக்குப் பிறகு யுபிஐ மெல்ல மெல்லப் பழகியிருந்தது. படத்தைக் குழுவில் போடு, பணம் வந்ததும் கூரியரில் அனுப்பு: இதுதான் வழி. பெரிய இணையச் சந்தைகளை விட்டு ஏன் வாட்ஸ்அப்புக்குப் போனார்கள்? அன்றைய விதிப்படி, அந்தச் சந்தைகளில் பொருள் விற்க, விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அது தளர்ந்ததே 2023 அக்டோபரில்தான். வாட்ஸ்அப்பில் கடை வாடகை இல்லை, ஆங்கிலம் தேவையில்லை, வீட்டிலிருக்கும் பெண்ணே வியாபாரி ஆகலாம். இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

ஆனால் எல்லாப் பொருளுக்கும் அது ஒரே மாதிரி உதவாது. ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் அச்சு வைத்து, நிறக்கலவையை ஊற்றி, சிமெண்டும் உள்ளூர் மணலும் சேர்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. வாங்குபவர் படத்தில் பூவைத் தேர்ந்து முன்பணம் அனுப்பினால், அதன்பிறகு வேலையைத் தொடங்கலாம், சரக்கு தேங்காது. லாரி வாடகையும் வழியில் உடைவதும் தொல்லைதான், என்றாலும் பணம் முதலில் வருகிறது. கண்டாங்கிச் சேலையில் அது தலைகீழ். பாவு ஓட்டி, நெய்து முடித்த பிறகுதான் படமே எடுக்க முடியும். நூலுக்குப் போட்ட பணம் விற்கும்வரை முடங்கிக் கிடக்கும். சேலை போய்ச் சேர்ந்தபின் ‘படத்தில் இருந்த அரக்கு இது இல்லையே’ என்று திருப்பி அனுப்புவார்கள். குற்றம் சாயத்தில் இல்லை, திரையில்.

இதைவிடப் பெரிய குறை போலிச் சரக்கு. காரைக்குடிக் கண்டாங்கி 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனாலும் கட்டமும் அகலக் கரையும் விசைத்தறியில் எளிதாக வந்துவிடும். கடையில் துணியைக் கையில் பிடித்துப் பார்க்கிறவரை ஏமாற்றுவது சிரமம். இன்ஸ்டாகிராமில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாதி விலைக்கு ‘செட்டிநாடு காட்டன்’ விற்கிறவரைத் துரத்திப் பிடிக்க, ஒரு சிறிய நெசவாளர் சங்கத்திடம் ஆளும் இல்லை, வக்கீல் செலவுக்குப் பணமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கூலி. சங்கத்துக்கோ முதலாளிக்கோ நெய்கிறவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியாகிவிட்டது. அதே சேலை சென்னையிலோ சிங்கப்பூரிலோ கூடுதல் விலைக்குப் போனாலும், அந்தக் கூடுதல் தறிக்குத் திரும்பி வர வழியில்லை. மறுவிற்பனை செய்யும் பெண்ணைப் பழிக்க வேண்டாம். இராத்திரி பதினொரு மணிக்கும் ‘ஃபால்ஸ் வைத்துத் தருவீங்களா’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதும், திரும்பி வந்த சேலையைச் சுமப்பதும் அவர்தான். ஆனால் மீட்சி என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி அவருடைய வியாபாரம், நெசவாளருடையது அல்ல.

இந்த வட்டாரம் இதைவிடப் பெரிய அடி வாங்கியிருக்கிறது. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நெல் நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். அதன்பின் அந்தச் சொத்து திரும்பவில்லை. நிலைகளையும் தூண்களையும் விற்ற வீடுகள் எத்தனையோ. தப்பி எழுந்தவர்களிடம் முதலோடு இன்னொன்றும் இருந்தது: பெட்டியடிப் பையனாகப் போன நாள் முதல் பழகிய பேரேடும் ஐந்தொகையும். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, அந்த இழப்புக்கு முன்பே, 1937-இல் திறக்கப்பட்டதும் அந்தப் பழக்கத்தின் வலிமையில்தான். முதல் வைத்திருந்தவரோடு கூலிக்கு நெய்பவரை ஒப்பிடுவது நியாயமில்லை என்பார்கள், சரிதான். ஆனால் அடக்கவிலை போடத் தெரிவதற்குப் பர்மாவில் நிலம் வேண்டியதில்லை.

டிஜிட்டல் பயிற்சி என்றாலே வெளிச்சத்தில் படம் எடுப்பது, ஹாஷ்டேக் போடுவது, க்யூஆர் அட்டை வைப்பது என்றே போகிறது. நூல் இவ்வளவு, சாயம் இவ்வளவு, தறியில் உட்கார்ந்த நாள் இத்தனை, பாவு புணைத்த வீட்டுப் பெண்ணின் உழைப்பு இவ்வளவு என்று அதே கைபேசியில் எழுதிக் கூட்டுவதில் தொடங்கியிருக்க வேண்டும். கேமரா அதற்கு அப்புறம். அந்தத் தொகை கையில் இருந்தால்தான் அடுத்த முறை கூலி பேசும்போது நெசவாளர் ஒரு எண்ணைச் சொல்ல முடியும். சங்கம் அதை விலைச்சீட்டிலேயே அச்சிட்டு அனுப்பலாம். அதற்குச் செலவு ஒன்றும் ஆகிவிடாது. முதலில் தயங்கப்போவது சங்கமாகத்தான் இருக்கும். விலைக்கும் கூலிக்கும் நடுவே உள்ள தொகைக்கு அப்போது அதுவும் பதில் சொல்லியாக வேண்டும்.