சபையின் குரலும் கருவியின் எதிரொலியும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பாகூர் வட்டாரத்தில், கடலோரச் சிற்றூராகிய மணப்பட்டை அடுத்துக் கூடும் சிறு சபை ஒன்றின் ஞாயிறு ஆராதனையில் அண்மையில் பங்குபெற்றேன். ஏறத்தாழ 60 பேர் கூடியிருந்தனர். இளைஞர் ஒருவர் மின்கிட்டார் இசைத்தார். அவருடைய காலடியில் இரண்டு சிறு பெட்டிகள் இருந்தன. முதற் சரணத்தில் தாய்மார்களின் குரல் உரத்து ஒலித்தது. இரண்டாம் சரணத்தில் அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக மிதித்தார். மூன்றாம் சரணத்தில் சபையார் பாடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தனர். ஆராதனை முடிந்தபின் அவ்விளைஞர் என்னிடம் வந்து, "ஐயா, நம் ஆராதனைக்கு எந்தப் பெடல் பொருந்தும்?" என்று உள்ளார்வத்துடன் கேட்டார். அன்று என்னால் விடையளிக்க இயலவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அப்பெட்டிகளில் ஒன்று ஓவர்டிரைவ், மற்றொன்று டிலே. முன்னது கிட்டாரின் ஒலியலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் முகடுகளைத் தட்டையாக்கி, ஒலிக்குக் கரகரப்பையும் நீட்சியையும் தருவது. பழைய வால்வு ஒலிபெருக்கிகள் திணறும்போது தாமே எழுப்பிய ஓசையை, 1970களின் இறுதியில் வந்த ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் போன்ற பெட்டிகள் காலால் மிதித்துப் பெறத்தக்கதாக்கின. பின்னது ஒலியைப் பிடித்துவைத்து, குறித்த இடைவெளியில் மீண்டும் ஒலிக்கச் செய்வது. 1980களில் அயர்லாந்தின் யூ2 குழுவைச் சேர்ந்த எட்ஜ் என்னும் கலைஞர் இதனைத் தம் இசையின் அடிப்படையாகவே ஆக்கினார். அம்முறை ஆங்கில, ஆஸ்திரேலிய ஆராதனைக் குழுக்களைப் பற்றிக்கொண்டு, அவர்களுடைய ஒலிப்பதிவுகள் வழியாக நம் சிற்றூர்களையும் எட்டியுள்ளது.

அந்நியம் என்பது அளவுகோலா?

இவை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவ்வளவுகோலால் அளந்தால் நம் பாட்டுப்புத்தகத்தில் எஞ்சுவது எவ்வளவு? 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கிய பின்னர், ஜெர்மானியப் பாடல்கள் தம் மெட்டுகளோடே தமிழ் உடுத்தி வந்தன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நாட்டு இராகங்களிலும் தாளங்களிலும் பாடியருளினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே அவை பொது ஆராதனையில் பெரிதும் பரவின.

ஹார்மோனியத்தின் வரலாறும் நினைக்கத்தக்கது. ஐரோப்பாவில் தோன்றிய அக்கருவியால் சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் கமகத்தை இசைக்க இயலாது என்னும் குற்றச்சாட்டின்பேரில் அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. குற்றச்சாட்டு உண்மையே. எனினும் நம் சபைகள் பல ஹார்மோனியத்தைக் கைவிடவில்லை. பாடுவோருக்குச் சுருதி காட்டி அவர்களைத் தாங்கிச்செல்லும் பணியை அது செய்தது. ஆகவே ஒரு கருவி எங்கே பிறந்தது என்பதினும், சபையின் நடுவே அது என்ன பணி செய்கிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஓவர்டிரைவ்: கரகரப்பின் நன்மையும் கேடும்

கரகரப்பு நம் செவிக்குப் புதியதன்று. தம்புராவின் குதிரையின்மேல் தந்திக்கடியில் இடப்படும் ஜீவா என்னும் நூலிழை, தந்தியின் ஓசையில் மேற்சுரங்களைப் பெருக்கி ரீங்காரம் எழுப்புகிறது. வழி வேறாயினும், ஓவர்டிரைவும் மேற்சுரங்களையே பெருக்குகிறது. ஆயினும் தம்புராவின் தந்திகள் பொதுவாகச் சட்சமத்திலும் பஞ்சமத்திலுமே சுருதி கூட்டப்படுகின்றன. கிட்டாரிலோ முழுக் கார்டு ஒலிக்கும்போது காந்தாரமும் சேர்கிறது. மிகுதியான ஓவர்டிரைவில் அம்மூன்றாம் சுரம் மற்றவற்றோடு உரசிக் கலங்கிப்போகிறது. ராக் கலைஞர்கள் காந்தாரத்தை விட்டு இரு சுரங்களை மட்டும் இசைப்பதற்கு இதுவே காரணம்.

இது நம் மெட்டுகளுக்குச் சிறு செய்தியன்று. ஹரிகாம்போதியும் கரகரப்பிரியாவும் காந்தாரம் ஒன்றினாலேயே வேறுபடுகின்றன. கலங்கிய காந்தாரத்தைக் கேட்டுக்கொண்டு பாடுகிறவர் மெட்டின் முகத்தையே இழக்கிறார். ஆனால் சட்சம பஞ்சமத்தை மட்டும், சிறிதளவு ஓவர்டிரைவுடன் மெல்ல இசைத்தால், காந்தாரம் பாடுவோரின் குரலுக்கே விடப்படுகிறது. கிட்டார் தம்புராவின் பணியை ஏற்கிறது. எனவே ஓவர்டிரைவை முற்றிலும் தள்ளவேண்டியதில்லை. அதன் திருகைக் குறைத்து வைக்கக் கற்றால் போதும்.

டிலே: காலத்தை அளப்பவர் யார்?

டிலேயைப் பற்றி இவ்வளவு இணக்கமாக எழுத இயலவில்லை. நிமிடத்திற்கு 72 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு ஏறத்தாழ 833 மில்லிவினாடி நீளும். எட்ஜ் வழியாகப் பரவிய வழக்கப்படி எதிரொலியைத் தட்டின் முக்கால் பங்கில், அதாவது 625 மில்லிவினாடியில் அமைக்கிறார்கள். ஆனால் சபையார் உணர்ச்சி மேலிடும்போது வேகம் கூட்டிப் பாடுவார்கள். இது நம் ஆலயங்களில் யாவரும் அறிந்தது. வேகம் 80ஐ எட்டினால் எதிரொலி 562 மில்லிவினாடியில் வரவேண்டும்; பெட்டியோ 625இலேயே நிற்கும். மூன்றாம் எதிரொலி வருவதற்குள் பிழை 187 மில்லிவினாடியாகிறது. அதாவது தட்டில் கால் பங்கு. அப்போது இரண்டில் ஒன்று நிகழும்: தாளம் குலையும், அல்லது சபை தன் வேகத்தை விட்டுப் பெட்டியின் வேகத்திற்கு அடங்கும். இரண்டாவது நிகழும்போது அதனை ஒழுங்கு என்று பாராட்டுகிறோம். ஆராதனையின் காலத்தை அளக்கும் உரிமை சபையிடமிருந்து கைமாறியதை நாம் கவனிப்பதில்லை.

இடமும் கருதத்தக்கது. பெரிய கல் ஆலயங்களின் நீண்ட முழக்கத்தைத் தேடியே பலர் டிலேயை நாடுகின்றனர். ஆனால் நம் சிற்றூர் ஆலயங்களின் பூச்சுச் சுவரும் சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் ஒலியை உறிஞ்சுவன அல்ல. அங்கே எதிரொலி முன்பே மிகுதி. மேலும், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு எனக் கால அளவாலேயே பொருள் வேறுபடும் மொழி நம்முடையது. சொற்களுக்கிடையிலான இடைவெளியை ஓசையால் நிரப்பினால் செவியை எட்டுவது பாட்டன்று, முழக்கமே.

நமக்குள் ஒரு கேள்வி

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்ற பெயரில் அறியப்பட்டவர், கிராமிய இசையை வழிபாட்டிற்குள் கொண்டுவந்தார். மக்கள் தாமே எடுத்துப் பாடவும், தம் தேவைக்கேற்ப மாற்றிப் படைக்கவும் இயலும் இசையே அவர்களுக்கு விடுதலை தரும் என்பது அவருடைய நிலைப்பாட்டின் சாரம். அவ்வளவுகோல் கீர்த்தனைக்கும் பொருந்தும், கிட்டாருக்கும் பொருந்தும். அது ஓவர்டிரைவைக் காட்டிலும் கூர்மையாக நம்மையே கேள்வி கேட்கிறது. சாவுக்குரிய கருவி, தாழ்ந்தோர் கருவி என்று பறையை ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்திய சபைகள் உண்டு. அதே சபைகள் கடல்கடந்து வந்த மின்னோசையைத் தயக்கமின்றிப் பீடத்தருகே அமர்த்துமானால், அங்கே இசைச்சுவை மட்டுமா முடிவு செய்தது? பறையின் அடி கூர்மையானது, சட்டென்று முடிவது. பாடுவோரின் சொல்லுக்கு இடம் விடுவது. டிலே தர இயலாத ஒன்றை அது தருகிறது.

இளைஞருக்கு என் விடை

ஒரே பெடல் வாங்கப் பணமிருந்தால் ஓவர்டிரைவை வாங்குக. மெல்ல மீட்டும்போது தெளிவாகவும், அழுத்தி மீட்டும்போது மட்டும் சற்றே கரகரப்பாகவும் ஒலிக்கும் அளவில் வைத்திடுக. டிலேயும் இருப்பின் அதனை ஓவர்டிரைவிற்குப் பின் இணைத்திடுக. முன் இணைத்தால் எதிரொலிகளும் கரகரத்துக் குழம்பும். எதிரொலி ஒன்றே போதும், அதுவும் மூல ஒலியினும் தாழ்ந்து. வேகத்தைக் காலால் தட்டி அமைக்கும் வசதியுள்ளதையே தேர்க. ஜெபத்திற்கு முன்னும் திருவிருந்து வேளையிலும் மெல்லிய பின்னணிக்கு அது உதவலாம். சபை பாடத் தொடங்கியதும் நிறுத்திவிடுக. கடைசிச் சரணத்தில் இரு பெட்டிகளையும் அணைத்துவிட்டுச் சபையின் குரலைக் கேளுங்கள்.

குருமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஒத்திகையின்போது ஒருமுறை ஆலயத்தின் கடைசி வரிசையில், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி வழக்கமாக அமரும் இடத்தில் சென்று அமருங்கள். குழலோ சுரமண்டலமோ தெளிவாக வேறுபட்டு ஒலியாவிட்டால் அதன் பொருளை எவ்வாறு அறிவது என்று 1 கொரிந்தியர் 14இல் பவுல் கேட்கிறார். புரியாமல் நிற்கிறவர் எவ்வாறு ஆமென் சொல்வார் என்றும் அங்கேயே கேட்கிறார். அம்மூதாட்டியின் ஆமென் நம் காதில் விழுகிறதா என்பதைக் கொண்டே பெடலைத் தெரிந்துகொள்வோமாக.