21 பைட் வணக்கம்

ஹெச்டிடிபி கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையில் ‘-டி’ போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. கோப்பிலிருந்து எடுத்து அனுப்பச் சொன்னால் அது வரிமுறிவுகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கர்லின் இன்னொரு தெரிவான டேட்டா-பைனரி கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்க்கும். கண்காணிப்புக் கருவியான பிரொமிதியஸின் புஷ்கேட்வே கையேடு காரணமில்லாமல் அதைக் காட்டவில்லை: அங்கே கடைசி வரியும் வரிமுறிவோடு முடிந்தாக வேண்டும், இல்லையேல் பிழை. ஆனால் என் அபிமான டேட்டா-பைனரிக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கன்டென்ட்-டைப்பை நாம் எழுதாவிட்டால், எதை அனுப்பினாலும் படிவத் தரவு என்று முத்திரை குத்திவிடும். இந்த ஒரு விஷயத்தில் பிரவுசரின் ஃபெட்ச் கெட்டிக்காரத்தனமானது. ஸ்ட்ரிங்கை பாடியாகக் கொடுத்தால் டெக்ஸ்ட்/பிளெயின், யூடிஎஃப்-8 என்று தானே எழுதிக்கொள்ளும்.

ஒற்றை ஸ்ட்ரிங்கையும் ஜேசனாகவே அனுப்பலாமே என்பார்கள். 2014-இன் ஆர்எஃப்சி 7159-க்குப் பிறகு அது செல்லும்தான். 2006-இன் விதிப்படி ஆப்ஜெக்டோ அர்ரேயோ இருந்தாக வேண்டும். நாளை இன்னொரு புலம் சேரும் என்றால் ஜேசனே சரி. ஒரு லாக் வரிக்கு அது எதற்கு? இரண்டு மேற்கோள்குறி சேர்ந்தவுடன் உள்ளே இருக்கும் மேற்கோள்குறிக்கும் வரிமுறிவுக்கும் பின்சாய்கோடு போடவேண்டும், எதிர்முனை அதைப் பிரிக்கவேண்டும். இன்றைய ஃபிரேம்வொர்க்குகளோ இந்தச் சடங்கைக் கட்டாயமாக்கிவிட்டன. ஏஎஸ்பி டாட்நெட் கோரில் பாடியிலிருந்து ஸ்ட்ரிங் வேண்டும் என்று எழுதிவிட்டு டெக்ஸ்ட்/பிளெயின் அனுப்பினால், வேறு ஏற்பாடு செய்யாதவரை 415 பிழை வரும். ஸ்ட்ரிங் கேட்ட இடத்தில் ஸ்ட்ரிங்குக்கு அனுமதியில்லை!

வெறும் ஸ்ட்ரிங்கின் உண்மையான சோதனை, பைட் கணக்கைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த்தில்தான். ‘வணக்கம்’ கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 7 குறியீடு, யூடிஎஃப்-8-இல் 21 பைட். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் சொல்லும் 7-ஐ அப்படியே ஹெடரில் எழுதினால், சர்வர் வ, ண இரண்டையும் முழுதாக வாசித்து, க-வின் முதல் பைட்டோடு நிறுத்திவிடும். ‘ஹலோ’வை ஆங்கில எழுத்தில் அனுப்பிச் சோதிப்பவருக்கு இது கடைசிவரை தெரியாது, அங்கே எழுத்தும் பைட்டும் ஒன்றே. பைத்தானின் ஹெச்டிடிபி-கிளையன்ட் ஸ்ட்ரிங்கை இன்னும் லத்தீன்-1 ஆகவே மாற்றுகிறது. 1999-இன் ஆர்எஃப்சி 2616-இல் உரைக்கு அதுதான் இயல்பிருப்பு. 2014-இல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். பைத்தானோ பழையபடியே, தமிழைக் கொடுத்தால் எரர் வீசும். பழமைவாதம் என்று பலர் அதைத் திட்டுகிறார்கள். இரண்டே சொச்சம் எழுத்தை அனுப்பிவிட்டு 200 வாங்கிக்கொண்டு வரும் நிரலைவிட, அனுப்ப மறுக்கும் அந்த நூலகத்தையே நான் நம்புவேன்.