சில்லில் ஒரு ஜன்னல்

பழைய ஈப்ராம் சில்லின் முதுகில் சின்னதாக ஒரு வட்ட ஜன்னல் இருக்கும். குவார்ட்ஸ் கண்ணாடி. அதன் வழியே புற ஊதா வெளிச்சத்தைச் சுமார் 20 நிமிஷம் காட்டினால் உள்ளே எழுதினதெல்லாம் அழிந்துவிடும். 1971-ல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் செய்த வேலை. ப்ரோக்ராமில் ஒரு எழுத்து தப்பினாலும் சில்லைப் பிடுங்கி, அழித்து, தனிக் கருவியில் செருகி மறுபடி எழுத வேண்டும். 2716 என்றால் அதற்கு 25 வோல்ட் வேறு. ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் வெயிலில் வைத்தால் சூரிய பகவானே அழித்துவிடுவார்!

1993-ல் வந்த பிக் 16சி84 போன்றவற்றை மின்சாரத்தாலேயே அழிக்க முடிந்தது. 2005-ல் இத்தாலியில் ஆர்டுயினோ. கம்ப்யூட்டரிலிருந்து வருவதை வாங்கித் தன் ஃப்ளாஷ் மெமரியில் தானே எழுதிக்கொள்ளும் சில்லு. பத்தாயிரம் தடவை அழித்து எழுதலாம். ரிச்சி தெருவில் போர்டும் ஒரு கேபிளும் வாங்கினால் பி.காம். படித்த நானே விளக்கை மினுக்க வைக்கலாம்.

'அந்தக் காலத்துல யோசிச்சு எழுதினோம் சார்' என்கிற மாமாக்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் காசும் கருவியும் இல்லாதவன் வாசலோடு சரி.

என் புகார் வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு 8086, 8051 இரண்டும் இருந்தன. முதலாவது 1978-ல் பிறந்தது, மற்றது 1980-ல். அதனால் குற்றமில்லை, அடிப்படைதான். ஆனால் படம் வரைந்து பாகம் குறித்துப் பாஸான கையோடு, ஃபைனல் இயர் ப்ராஜெக்டை தி.நகர், வடபழனி பக்கம் போய் ரெடிமேடாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே! போர்டு, ப்ரோக்ராம், பைண்டு பண்ணின ரிப்போர்ட், எல்லாம் ஒரே ரேட்டில். சில்லில் எழுதுவது பிரம்மப் பிரயத்தனமாக இருந்தபோது கடைக்காரரிடம் போனதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது என்ன சாக்கு? இதே ஊரில் ஐ.ஐ.டி.யில் சக்தி என்று ப்ராசஸரையே வடிவமைத்து, 2018-ல் சில்லாகவும் வந்து, அதன் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள்.

பையன்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. கையெழுத்துப் போடும் கைடுக்குத் தெரியாதா? வைவாவில் ஒரே ஒரு கேள்வி போதும். 'தம்பி, நொடிக்கு ஒரு தடவை மினுக்குகிற அந்த விளக்கை அரை நொடிக்கு மாத்திக் காட்டுப்பா.' இரண்டு நிமிஷ வேலை. முகத்தைப் பார்த்தே மார்க் போட்டுவிடலாம்.