கொரில்லாவுக்காகக் கட்டிய கழிப்பறை

1996இல் உகாண்டாவின் தென்மேற்கு மூலையில், புவிண்டி காட்டில், கட்டென்டெகியெரே என்ற கொரில்லாக் குடும்பத்துக்கு உடம்பெல்லாம் சொறி கண்டது. முடி கொட்டியது, குட்டி ஒன்று செத்தது. மற்றவை ஐவர்மெக்டின் ஊசியால் பிழைத்தன. மருந்து கொடுத்தவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, அந்நாட்டு வனவிலங்குத் துறையின் முதல் கால்நடை மருத்துவர். சிரங்குப் பூச்சி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தவர்களின் சந்தேகம் காட்டோரத் தோட்டங்களில் போய் நின்றது. வாழைத் தண்டைத் தின்ன வரும் கொரில்லாக்கள், அங்கே சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டியிருந்த அழுக்குச் சட்டைகளைத் தொட்டுப் பார்த்திருக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து இன்குரிங்கோ குடும்பத்துக்கும் அதே சொறி வந்தது.

2003இல் அவர் கணவரோடும் சக ஊழியர் ஒருவரோடும் சேர்ந்து ‘கன்சர்வேஷன் த்ரூ பப்ளிக் ஹெல்த்’ என்ற அமைப்பைத் தொடங்கியதற்குப் பின்னணி இதுதான். ஊர் சுத்தமாக இருந்தால் காடும் பிழைக்கும் என்பது அதன் அடிப்படை. இன்று காட்டோரச் சுகாதாரத் திட்டம் என்றால் உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது புவிண்டிதான். பெரும்பாலும் பாராட்டாகவே சொல்கிறார்கள். அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் நியாயம் உண்டு. மீதியைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நியாயமான பாதி. ஊர்க்காரர்களே தொண்டர்களாக வீடு வீடாகப் போகிறார்கள். இரண்டு மூன்று வாரமாக இருமல் இருக்கிறதா என்று கேட்டு, காசநோய்ச் சந்தேகம் வந்தால் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசுகிறார்கள், வேண்டியவருக்கு ஊசியும் கிடைக்கிறது. குழிக் கழிப்பறை இருக்கிறதா, அதற்கு மூடி உண்டா, குப்பைக் குழி எங்கே, கழுவிய பாத்திரத்தை உலர்த்த மேடை கட்டியாயிற்றா என்று பார்க்கிறார்கள். கை கழுவ ‘டிப்பி டேப்’ என்றொரு எளிய ஏற்பாடு: குச்சிகளுக்கு நடுவே தொங்கும் பிளாஸ்டிக் கேன், அதைச் சாய்க்க ஒரு கயிறு, கயிற்றின் முனையில் காலால் மிதிக்கும் கட்டை. கையால் எதையும் தொட வேண்டியதில்லை. கடைசியாக, தோட்டத்துக்குக் கொரில்லா வந்ததா என்ற கேள்வி. சுகாதாரத் துறை, வனத்துறை, கால்நடைத் துறை என்று மூன்று ஜீப்புகள் தனித்தனியாக வந்து போகிற ஊர்களைப் பார்த்தவர்களுக்கு, இத்தனையையும் ஒரே ஆள், அதுவும் பக்கத்து வீட்டு ஆள், கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இந்தத் தொண்டர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பதிலுக்குக் குழுவாகக் கால்நடை வளர்க்கவும் சேமிப்புக் குழு நடத்தவும் உதவி கிடைக்கிறது. சம்பளமில்லாத் தொண்டு ஆறு மாதத்தில் நின்றுபோவதுதான் வழக்கம். இங்கே நிற்காமல் தொடர்ந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். ஏழைகளின் உழைப்பை இலவசமாக வாங்குகிறார்கள் என்ற குறையும் சொல்லலாம், அதுவும் தவறில்லை.

இனி ஆதாரத்துக்கு வருவோம். ஊரில் கழிப்பறை வந்தால் கொரில்லா பிழைக்கும் என்பதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புவிண்டியின் மனிதர், கால்நடை, கொரில்லா ஆகிய மூன்று தரப்பின் குடலிலிருந்தும் ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்து ஒப்பிட்டது. மனித நடமாட்டத்தோடு அதிகம் கலக்கும் கொரில்லாக்களின் பாக்டீரியா, மனிதர், கால்நடை ஆகிய இரு தரப்பின் பாக்டீரியாவை மரபளவில் அதிகம் ஒத்திருந்தது. கொரில்லாக்களிடம் எடுத்த மாதிரிகளில் 17 சதவீதம், அப்பகுதி மக்கள் பயன்படுத்தும் ஏதாவதொரு ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காதவை. மருந்துக்கடைப் பக்கமே போகாத விலங்கின் வயிற்றில் மருந்தை எதிர்க்கும் கிருமி இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா ஆகிய ஒட்டுண்ணிகளையும் இதே காட்டில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒத்திருப்பது வேறு, இங்கிருந்து அங்கே போயிற்று என்று நிரூபிப்பது வேறு. கிருமி பகிரப்படுகிறது என்று அந்த ஆய்வு காட்டுகிறது. எந்தத் திசையில், எந்த வழியாக என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல அதனால் முடியாது. தண்ணீர் வழியாகவா, மண் வழியாகவா, மாடு வழியாகவா? மாடு வழி என்றால் வீட்டுக்கு வீடு குழி வெட்டினாலும் மேட்டு நிலத்தில் மேயும் கன்றின் சாணம் மழையோடு ஓடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்குக்கூட எளிதில் சாகாது. மனிதக் கழிவை மட்டும் அடைத்துவிட்டு, ஓட்டையை அடைத்தாயிற்று என்று நினைப்பது அவசரம்.

கொரில்லாக்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்பார்கள். கூடியிருப்பது உண்மை. புவிண்டியில் 2006 கணக்கெடுப்பில் சுமார் 300, 2011இல் 400, 2018இல் எல்லைக்கு அப்பால் காங்கோவின் சரம்ப்வே காட்டையும் சேர்த்து 459. ஆனால் இதே காலத்தில் அன்றாடக் காவல் ரோந்து, கண்ணி அகற்றல், நேரடிக் கால்நடை மருத்துவம், சுற்றுலா வருமானம் எல்லாம் நடந்தன. வளர்ச்சியில் கழிப்பறையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நன்கொடையாளருக்கான அறிக்கைகளில் இந்தப் பிரிப்பு சுலபமாக நடந்துவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய மனத்தாங்கல், விரல் யாரை நோக்கி நீள்கிறது என்பதில். பெருங்குரங்குகளை மனிதக் கிருமி கொன்றது என்று திட்டவட்டமாகக் காட்டப்பட்ட சம்பவங்களில் முன்னால் நிற்பது மூச்சுத் தொற்று. ஐவரி கோஸ்ட்டின் ‘தாய்’ என்ற காட்டில் ஆய்வாளர்களோடு பழகிய சிம்பன்சிகள் செத்தது மனிதரிடமிருந்து வந்த சுவாச வைரஸ்களால். 2009இல் ருவாண்டாவின் ஹிர்வா குடும்பத்தில் இரண்டு கொரில்லாக்கள் இறந்தபோது அவற்றிடம் மனித மெட்டாநியூமோ வைரஸ் இருந்தது. இந்த வகைக் கிருமிகள் வரக் கழிப்பறைக் குழி தேவையில்லை. விமானத்தில் வந்து இறங்கி, மறுநாள் காலையில் கொரில்லாவின் முன்னால் நின்று தும்மினால் போதும்.

அதைத் தடுக்க விதிகள் இருக்கின்றன. ஒரு குழுவில் 8 பேர், ஒரு மணி நேரம், சளி பிடித்தவர் வரக்கூடாது, காட்டில் அவசரம் என்றால் 30 சென்டிமீட்டர் குழி தோண்டி மூட வேண்டும். இடைவெளி முதலில் 7 மீட்டர், கொரோனாவுக்குப் பின் முகக்கவசமும் 10 மீட்டரும். நடைமுறை வேறு கதை. 2006இல் வெளியான ஓர் அளவீட்டில் பயணிகள் நெருங்கிய சராசரித் தூரம் 3 மீட்டருக்கும் குறைவு. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், கவனித்த 53 பயணங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் 7 மீட்டர் விதி மீறப்பட்டிருந்தது. அந்த ஆய்வை எழுதியவர்களில் கலேமா-சிகுசோகாவும் ஒருவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். தன் ஊருக்குச் சோறு போடும் சுற்றுலாவின் குறையைத் தானே எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இருந்தும் கண்காணிப்பின் பளு இன்னும் ஊர்க்காரர் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. விவசாயியின் வீட்டுக்குள் போய்க் கழிப்பறையின் மூடியைப் பார்க்கத் தொண்டர் இருக்கிறார். 800 டாலர் கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கியவர் மூன்றடி முன்னால் போனால், பெரும்பாலும் வழிகாட்டி மென்மையாகச் சிரிக்கிறார். பிறகு கிடைக்கப்போகும் அன்பளிப்பு அவர் கண்முன் நிற்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அமைப்பே அப்படி இருக்கிறது. அந்தச் சீட்டுப் பணத்தில் ஊருக்கென்று ஒதுக்கப்படுவது சீட்டுக்கு 10 டாலரும் நுழைவுக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கும். ஊரின் அழுக்கு கொரில்லாவுக்கு இவ்வளவு ஆபத்து என்றால், அந்த அழுக்கைப் போக்கும் செலவை முதலில் ஏற்க வேண்டியது அந்தச் சீட்டுதான்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிப்பி டேப் அழகான சாதனம், ஆனால் கேனில் தண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும். செங்குத்துச் சரிவில் ஓடைவரை இறங்கி ஏறிச் சுமப்பது பெண்களும் பிள்ளைகளும். சுமந்த தண்ணீர் சமையலுக்கா கைக்கா என்று வந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப்பக்கம் தண்ணீர் இல்லாமல் கட்டிக்கொடுத்த கழிப்பறைகளில் விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்கள் இதற்கு ஆய்வு கேட்க மாட்டார்கள்.

கொரில்லாவைக் காட்டிப் பணம் திரட்டுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பணம் கொரில்லா போகும் வழியில்தான் போகும். காட்டை ஒட்டிய ஊருக்குத் தொண்டர் வருவார், நாலு மலை தள்ளியிருக்கும் ஊரின் குழந்தைக்கும் அதே வயிற்றுப்போக்குதான், அங்கே யாரும் வரமாட்டார்கள். கொரோனாவில் 2020 மார்ச்சில் கொரில்லாச் சுற்றுலா மூடப்பட்டு வருமானம் நின்றது. ஜூனில், சிறு விலங்குகளைத் தேடிக் காட்டுக்குள் போன வேட்டைக்காரர் ஒருவர் இன்குரிங்கோ குடும்பத்தின் தலைவனான ரஃபிக்கியைக் கொன்றார். பயணிகளை நம்பிய பிழைப்பு, பயணிகள் நின்றதும் என்ன ஆகும் என்பது அப்போது தெரிந்தது. சுகாதாரத்தையும் அதே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது விவேகமாகப் படவில்லை. கழிப்பறையும் குழாயும் மாவட்ட நிர்வாகத்தின் வரவு செலவுக் கணக்கில் இருக்க வேண்டியவை. வீடு வீடாகப் போகும் தொண்டர் முறையைத் தொண்டு நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும், அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

இந்தத் திட்டத்தின் கணக்கு சுத்தமாக உடைந்து போகிற இடம் பத்வா மக்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டுக்குள் வாழ்ந்தவர்களை, 1991இல் புவிண்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது வெளியேற்றினார்கள். பலர் பிறர் நிலத்தில் ஒண்டிக்கொண்டு கூலி வேலை செய்கிறார்கள். குழிக் கழிப்பறை வெட்டச் சொந்தமாகத் துண்டு நிலம் வேண்டும். அடுத்த ஆண்டும் இங்கேயே இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும். இரண்டும் இல்லாதவர் வீட்டில் தொண்டர் தன் படிவத்தில் ‘கழிப்பறை இல்லை’ என்று குறித்துக்கொள்வதால் என்ன தெரிந்துவிடப்போகிறது? 2021 ஆகஸ்டில் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், காட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பத்வா மக்களுக்கு உரிய ஈடு கொடுக்கப்பட வேண்டும் என்ற தீர்ப்பை வழங்கியது. அந்த ஈட்டில் நிலமும் சேர்ந்தால்தான் அந்தப் படிவத்தின் பதில் மாறும்.