அறிவியல் உரையாடலும் சொல்லெண்ணும் அளவுகோலும்: தமிழ் வினாவிடைச் சோதனை ஒன்றின் திறனாய்வு

உரைப்பகுதி ஒன்றைக் கொடுத்து, அதன்கீழ் வினாக்களை எழுப்பி, விடை காணச் செய்தல் பள்ளித் தேர்வுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையாகும். அண்மைக் காலத்தில் இம்முறை கணிப்பொறியின் மொழித்திறனை அளக்கும் கருவியாகவும் மாறியுள்ளது. இவ்வகையில் தமிழுக்கென அமைந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, பெங்களூரிலுள்ள கூகுள் ஆய்வுப் பிரிவு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நடத்திய 'சாய்' என்னும் போட்டியாகும். விக்கிப்பீடியாக் கட்டுரைகளை உரைப்பகுதிகளாகக் கொண்ட இப்போட்டியின் பயிற்சித் தொகுதியில் 1,114 வினாக்கள் இடம்பெற்றன. அவற்றுள் 746 இந்தி, 368 தமிழ். விடை என்பது உரைப்பகுதியிலிருந்து அப்படியே வெட்டியெடுக்கப்படும் ஒரு துண்டு. பொறி தரும் துண்டு எதிர்பார்க்கப்பட்ட துண்டோடு எத்துணை ஒத்துள்ளது என்பது ஜக்கார்டு அளவையால் மதிப்பிடப்பட்டது. இரு விடைகளுக்கும் பொதுவான சொற்களின் எண்ணிக்கையை, இரண்டிலும் உள்ள வேறுவேறு சொற்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் எண்ணே அவ்வளவை.

இத்தொகுதியின் சிறப்பை முதற்கண் கூறுதல் தகும். வினாக்கள் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை அல்ல, தாய்மொழியாளர் எழுதியவை. அன்றியும், தகவலை நாடிக் கேட்கும் வினாக்களாக அவை அமைய வேண்டும் என்பது தொகுத்தோர் கருத்து. நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தவர். விடை தெரிந்தே மாணாக்கனைச் சோதிக்கும் ஆசிரியன் கேட்பது அறிவினா. தெரியாமையால் கேட்பது அறியாவினா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கிலத் தொகுதியில், உரைப்பகுதியைக் கண்முன் வைத்துக்கொண்டே வினாக்கள் எழுதப்பட்டன. ஆதலின் உரையிலுள்ள சொற்களே வினாவிலும் மீண்டு வர, அவற்றைப் பொருத்தியே விடையை எட்டும் வழி பொறிக்கு எளிதாயிற்று. பெங்களூர்த் தொகுதி அறியாவினாவை நாடியது. இந்நெறி தமிழுக்குப் பெரிதும் ஏற்றது.

வினாவில் காட்டிய இக்கருத்து விடையை அளக்குமிடத்துக் காட்டப்படவில்லை. இந்திய அறிவியல் கழகம் எங்கு உள்ளது என்னும் வினாவுக்கு எதிர்பார்க்கப்பட்ட விடை 'பெங்களூரு' எனக் கொள்வோம். பொறி 'பெங்களூருவில்' என விடை தருமாயின் அது பெறும் மதிப்பு சுழியம். 'எங்கு' என்னும் வினாவுக்கு ஏழாம் வேற்றுமை ஏற்ற விடையே இலக்கணப்படி பொருத்தமானது. எனினும் வெற்றிடம் விட்டுப் பிரித்துச் சொல்லெண்ணும் அளவுகோலுக்கு அது வேறொரு சொல். இதே பிழை இந்தியில் நேர்ந்தால் பாதி மதிப்பு கிட்டும். ஏனெனில் அம்மொழியில் இடப்பொருள் உருபு பெயரை விட்டுத் தனித்து எழுதப்படுகிறது. ஒரே அளவுகோல் ஒட்டுநிலை மொழியைக் கூடுதலாகத் தண்டிக்கிறது என்பது இதனால் புலனாகும். கழகம் தொடங்கப்பெற்ற ஆண்டை வினவினாலும் இந்நிலையே. '1909' என்பது எதிர்பார்ப்பாயின் '1909 ஆம் ஆண்டு' மூன்றில் ஒரு பங்கு மதிப்புப் பெறும். '1909ஆம் ஆண்டு' எனச் சேர்த்தெழுதினால் ஒன்றும் பெறாது. இடைவெளி விடுவதில் தமிழ் அச்சகங்களுக்குள்ளேயே ஒருமைப்பாடு இல்லாதபோது, அவ்விடைவெளியை அறிவின் அளவாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? 'கி.மு', 'கி.மீ' போன்ற சுருக்கங்களில் விடுபட்ட ஈற்றுப் புள்ளியை ஒட்டவைக்கச் சிறு நிரல் ஒன்றை எழுதிப் போட்டியாளர்கள் தம்முள் பகிர்ந்துகொண்டனர் என்பது இவ்வளவுகோல் எதை வளர்த்தது என்பதற்குச் சான்று.

விக்கிப்பீடியாக் கட்டுரை ஒரே குரலில் செல்வது. குரல்கள் பலவாகும் அறிவியல் உரையாடலுக்கு வருங்கால் சிக்கல் மேலும் ஆழமாகிறது. விளக்கத்திற்காக ஓர் ஆய்வகப் பேச்சைப் புனைந்து காணலாம். மூத்த ஆய்வாளர், "நேற்று மின்தடையை அளந்தாயா?" என்கிறார். மாணவர், "திரவ ஹீலியம் தீர்ந்துவிட்டது, ஐயா" என்கிறார். சற்றுப் பொறுத்து மாணவர், "முந்தைய மாதிரியில் தடை குறைந்ததா, ஐயா?" எனக் கேட்க, "குறையாமலா?" என்பது மூத்தவர் மறுமொழி. இவ்வுரையாடலின்கீழ், 'மாணவர் மின்தடையை அளந்தாரா?', 'முந்தைய மாதிரியில் தடை குறைந்ததா?' என இரு வினாக்களை அமைத்தால், ஒன்பதாம் வகுப்பு மாணவரும் 'அளக்கவில்லை', 'குறைந்தது' என எழுதுவர். இவ்விரு சொற்களும் உரைப்பகுதியில் இல்லை. வெட்டியெடுக்க வேண்டுமாயின் முதலாவதற்கு ஹீலியம் தீர்ந்த செய்தியையும், இரண்டாவதற்கு உடன்பாட்டுப் பொருள் தரும் எதிர்மறை வடிவம் ஒன்றையும் எடுக்க வேண்டும்.

இவ்வகை விடைகளை நன்னூல் முன்னரே பெயரிட்டுள்ளது. விடை எட்டனுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையானவை. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையைப் பயப்பன. நேர்ந்ததைச் சொல்லி இன்மையை உணர்த்தும் மாணவர் கூற்று உற்றதுரைத்தல். மூத்தவர் கூற்று வினாவெதிர் வினாதல். (பவணந்தியாரை இந்நூல் செய்வித்த சீயகங்கன் கங்க மரபினன், கங்கரின் பழைய தலைநகராகிய கோலார் பெங்களூருக்கு அண்மையது. தொகுத்தோருக்கு இவ்விலக்கணம் தொலைவில் இருந்ததன்று.) எட்டனுள் ஐந்து குறிப்பு விடையாக அமையும் மொழியில், வெட்டியெடுக்கும் விடையை மட்டுமே ஏற்கும் சோதனை உரையாடலின் பெரும்பகுதியைப் புறத்தே விட்டுவிடுகிறது.

வினைமுற்றின் நிலையும் அவ்வாறே. 'அளந்தேன்' என மாணவர் கூறியிருப்பினும், 'அளந்தாரா?' என்னும் வினாவுக்கு 'அளந்தார்' என்பதே விடை. வினைமுற்று இடங்காட்டும் தமிழில், தன்மையில் அமைந்த கூற்றைப் படர்க்கையாக்கினாலன்றி உரையாடல் வினாவுக்கு விடை அமையாது. இம்மாற்றத்தைச் செய்வதே புரிதலின் அடையாளம். அளவுகோலோ அதனைப் பிழையாகக் கணக்கிடும்.

அறிவியலுக்கு இன்றியமையாத இன்னொரு கூறும் உண்டு. 'தடை குறைந்தது', 'குறைந்திருக்கும்', 'குறைந்ததாம்' ஆகிய மூன்றும் முறையே கண்டது, கருதியது, கேட்டது. ஆய்வாளர் பேச்சில் இவ்வேறுபாடே உயிர்நாடி. 'தடை குறைந்ததா?' என்னும் வினாவுக்கு மூன்றையும் 'ஆம்' என்று சுருக்கினால் சான்றும் ஊகமும் செவிவழிச் செய்தியும் ஒன்றாகிவிடும். கலீலியோ 1632இல் வெளியிட்ட இரு உலக அமைப்புகள் பற்றிய உரையாடலில் சால்வியாத்தி கோப்பர்னிக்கசின் பக்கமும் சிம்ப்ளிச்சியோ அரிஸ்டாட்டிலின் பக்கமும் நின்று பேசுவர். 'பூமி அசையாதது என்று இந்நூல் கூறுகிறதா?' என்று வினவினால், சிம்ப்ளிச்சியோவின் கூற்றை வெட்டியெடுத்துத் தருவது சொல்லளவில் முழு மதிப்புப் பெறலாம். பொருளளவில் அது நூலையே தலைகீழாக்கும்.

ஆங்கிலத்தில் இச்சிக்கலை உணர்ந்த தொகுதிகள் உள்ளன. 2019இல் வெளிவந்த 'டிரீம்' என்பது, ஆங்கிலம் பயிலும் சீன மாணவர்க்கான தேர்வுகளிலிருந்து 6,444 உரையாடல்களையும் 10,197 வினாக்களையும் திரட்டியது. அதன் விடைகளுள் 84 விழுக்காடு உரையிலிருந்து வெட்டியெடுக்க இயலாதவை எனத் தொகுத்தோரே கணக்கிட்டுள்ளனர். அத்தகைய தொகுதியைத் தமிழில் பெயர்த்துக்கொண்டால் போதும் என்று கருதுதல் தவறாகும். மெட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'பெலபெலே' தொகுதி 488 பகுதிகள் மீதான 900 வினாக்களைத் தமிழ் உள்ளிட்ட 122 மொழி வடிவங்களில் தந்தது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்தலாதலின் உருபுச் சிக்கல் அதில் நீங்கியது. எல்லா மொழிகளையும் ஒருசேர ஒப்பிடவும் இயல்கிறது. ஆயினும் வினாக்கள் ஆங்கிலத்தில் பிறந்தவை. 'குறையாமலா?' போன்ற விடையை ஆங்கில மூலம் தராது. ஆதலின் எத்துணைத் திறம்பட்ட மொழிபெயர்ப்பாளரும் அதனைத் தமிழ்ப்பகுதிக்குள் கொணர வழியில்லை.

எனவே தமிழ் அறிவியல் உரையாடல்கள் தமிழிலேயே பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு விடையோடும் கூறியவர் யார், அவர் கண்டாரா கருதினாரா கேட்டாரா என்பன குறிக்கப்பட வேண்டும். விடையை ஒப்பிடுமுன் உருபும் இடவிகுதியும் பிரிக்கப்பட வேண்டும். அல்லது ஒரு வினாவுக்கு ஏற்கத்தக்க வடிவங்கள் பலவும் பட்டியலிடப்பட வேண்டும். பெங்களூரு, பெங்களூர் என ஊர்ப்பெயரே இருவகையாக வழங்கும் மொழியில் இப்பட்டியல் நீளும் என்பது உண்மையே. 368 வினாக்களுக்கு அது ஓரிரு மொழியியலாளரின் சில வார உழைப்புக்கு மேற்படாது.