சிறுமலை ஏறிய எண்ணூறு

வண்டி நண்பருடையது. மாருதி 800, 1996 மாடல், வெள்ளை. பழைய கார்களைத் தேடிப் பிடித்துத் தேற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்துவிட்டு, "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்று சாவியைக் கையில் கொடுத்தார். என் முதல் காரும் ஒரு மாருதி 800தான். 1999இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதனால் நடுநிலைமை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தபோது இதன் விலை ரூ. 50,000ஐ ஒட்டி. நாம் இன்று நினைவில் வைத்திருக்கும் உருவம் 1986இல் வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இது வருவதற்கு முன் திண்டுக்கல்லில் கார் என்றால் தோல் ஷாப் முதலாளி வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசிடர், இல்லாவிட்டால் பத்மினி. சம்பளக்காரன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பதோடு சரி. அந்தச் சம்பளக்காரன் வீட்டுச் சந்துக்குள்ளும் நுழைந்து நின்ற வண்டி இது.

சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சோக்கை இழுக்க வேண்டும். டாஷ்போர்டில் ஒரு குமிழ். இழுத்தால் கார்புரேட்டருக்குள் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். ஆறிக் கிடக்கும் இன்ஜின் பற்றிக்கொள்ளும். சூடேறியதும் மறக்காமல் உள்ளே தள்ளிவிட வேண்டும். என் காரை வாங்கிய முதல் வாரம் அதை மறந்து வத்தலக்குண்டு வரை போய், "என்ன இப்படிக் குடிக்குது" என்று வண்டியைத் திட்டியிருக்கிறேன்.

நாகல் நகர் நெரிசலில் வண்டி அமர்க்களம். அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஷேர் ஆட்டோ போகிற இடைவெளி கிடைத்தால் போதும், நானும் போய்விட்டேன். பவர் ஸ்டியரிங் இல்லை. நின்றபடி திருப்பினால் தோள் வலிக்கும், உருள ஆரம்பித்தால் வலியில்லை. 12 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனியாகக் கணக்குச் சொல்கிறது. ஏசி கிடையாது. மே மாத மதியத்தில் திண்டுக்கல்லில் அதன் பொருள் என்ன என்று ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான்குவழிச் சாலை இதற்கான இடமில்லை. நான்கே கியர். எண்பதைத் தாண்டினால் இன்ஜின் கத்தும், லாரி கடந்தால் வண்டி ஒரு குலுக்குக் குலுங்கும். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. கதவைச் சாத்தும்போது தகர டப்பாவின் சத்தம். குடும்பத்தோடு மதுரை போக இதை எடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் பழைய பாசத்துக்கு இடம் தரமாட்டேன்.

சோதனை நத்தம் ரோட்டில், சிறுமலைப் பிரிவில் தொடங்கியது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதைத் தொடாத குதிரைத்திறன். ஆனால் வண்டியின் எடை சுமார் 650 கிலோதான். இழுப்பது முன்சக்கரம், இன்ஜினின் பாரமும் அதன் மேலேயே. ஆகவே ஏறும், நாம் ஒத்துழைத்தால். கார் வாங்கிய புதிதில் ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சத்தம் மாறறதுக்கு முன்னாடி கியரை மாத்திரு தம்பி. மாறுனப்புறம் மாத்துனா மேட்டுல நின்னுரும்." இரண்டாவது கியரில் முக்கும்போது அந்தச் சத்தம் 'ங்ங்' என்று தொண்டைக்கு இறங்கும். அதற்குச் சற்று முன்னால், வளைவு கண்ணில் படும்போதே, முதல் கியர். இந்த ஒரு நொடியைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட அன்றுதான் நான் கார்ப் பைத்தியம் ஆனேன். இன்று என்னிடம் இருக்கும் ஆட்டோமேட்டிக் அந்த நொடியைத் தானே எடுத்துக்கொள்கிறது. வசதிதான். மலை ஏறி முடிந்ததே தெரியாமல் போய்விடுகிறது.

மேலே ஒரு திருப்பத்தில் வாழைத்தார் சுமந்து குதிரை ஒன்று எதிரே வந்தது. சிறுமலையில் தோட்டத்திலிருந்து சுமை இறக்க இன்றும் குதிரைகள்தாம். என் முப்பத்துச் சொச்சக் குதிரைகளை அந்த ஒற்றைக் குதிரை சட்டை செய்யவில்லை. ஹாஃப் கிளட்ச்சில் தவித்தபடி வழிவிட்டேன்.

வாங்கலாமா? இரண்டாவது வண்டியாக, கையில் நல்ல மெக்கானிக் இருந்தால் வாங்கலாம். பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பெயின்டைப் பார்த்து மயங்காமல் அடித்தட்டில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய கார்களின் ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 5,000 ஆனது, இருபது தாண்டியதற்கு 2025இல் அது ரூ. 10,000. விலை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மலையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, இறங்கி வந்து சாவியைக் கொடுத்தேன். நண்பர் குனிந்து மோந்தார். "என்னண்ணே, பெட்ரோல் வாடை அடிக்குது?" உள்ளே எட்டிப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே சோக்கை உள்ளே தள்ளினார்.